ப்ராக்ஸி: பதிலாளா, பினாமியா, பதிலியா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரிகளில் ‘ப்ராக்ஸி’ என்ற சொல் கணினி படிக்காதவர்களுக்கும் தெரியும். வராத நண்பனின் பெயரைக் கூப்பிடும்போது குரலை மாற்றி ‘யெஸ் சார்’ சொல்வதுதான் ப்ராக்ஸி. ‘மச்சான், நாளைக்கு எனக்கு ஒரு ப்ராக்ஸி போட்டுடு.’ அதே மாணவர் விடுதிக்குத் திரும்பி, ஐ2பி என்ற பெயர் மறைக்கும் வலையமைப்புக்குள் போகலாம் என்று பயர்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால், அங்கேயும் இதே சொல் நிற்கும். வகுப்பறையில் அது ஏமாற்று வேலை. உலாவியில் ஏமாற்று ஏதும் இல்லை. அங்கே சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பிவிடுகிறது.

பழைய பொருள் லத்தீனில் இருக்கிறது. ‘ப்ரோகூராரே’ என்றால் இன்னொருவர் சார்பில் காரியத்தைக் கவனித்துக்கொள்வது. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘ப்ரோகியூரசி’ என்ற நீளமான சொல் பேச்சில் தேய்ந்து ‘ப்ராக்ஸி’ ஆனது. ஓசூர்ப் பக்கம் மனை வாங்கி விற்பவர்கள் நாள் முழுக்கப் பேசும் ‘பவர்’ ஏறக்குறைய இதேதான். ‘அண்ணன் பெங்களூர்ல இருக்காரு, எனக்குப் பவர் எழுதிக் குடுத்துட்டாரு’ என்றால், அண்ணன் இடத்தில் நின்று தம்பி கையெழுத்துப் போடலாம் என்று பொருள். அண்ணன் யார் என்பதைப் பத்திரமே சொல்லிவிடும், யாரும் ஒளியவில்லை. நீதிமன்றத்தில் இதற்கு வக்காலத்து என்று பெயர்.

தேர்தலிலும் ப்ராக்ஸி உண்டு. ராணுவத்தில் பணிபுரிபவர் ஊரில் ஒருவரை நியமித்துத் தன் வாக்கைப் போடச் சொல்லலாம். 2003 முதல் இந்த வசதி இருக்கிறது. அப்படிப் போடுபவருக்கு மை வைப்பது இடதுகை நடுவிரலில். தன் சொந்த வாக்குக்கு ஆள்காட்டி விரல் வேண்டுமே! கம்பெனிச் சட்டமும் பங்குதாரருக்குப் பதிலாக ஒருவர் கூட்டத்துக்குப் போக இடம் தருகிறது, ஆனால் அவர் அங்கே பேச முடியாது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? சிலர் விளையாட்டாகப் பினாமி என்கிறார்கள். பாரசீகத்தில் ‘பே’ என்றால் இல்லாமல், ‘நாம்’ என்றால் பெயர். பினாமி என்றால் பெயர் இல்லாதது. சொத்து யாருடையது என்பதை மறைப்பதே பினாமியின் வேலை. ப்ராக்ஸி அப்படி எதையும் உறுதி தருவதில்லை. மறைப்பது பின்னால் இருக்கும் வலையமைப்பின் வேலை. வேண்டுமானால் அந்த வலையமைப்பைப் பினாமி எனலாம். அநாமதேயம் என்ற வடசொல்லுக்கும் பொருள் அதேதான். கையெழுத்தில்லாத கடிதத்தை மொட்டைக் கடுதாசி என்கிற நம் வழக்கு எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஆனால் ‘மொட்டை வலை’ என்று எழுதினால் யார் படிப்பார்கள்?

முகவர் என்றும் எழுதிப் பார்க்கிறார்கள். அது ஏஜெண்டுக்குப் போய்விட்டது. உலாவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியை ஏற்கெனவே பயனர் முகவர் என்கிறோம், இரண்டும் மோதும். மாற்றாள் தூய தமிழ்தான், ஆனால் சக்களத்திக்கும் அதே சொல். அது வேண்டாம்.

மிஞ்சுவது பதிலாளும் பதிலியும். ‘பதில்’ அரபியின் ‘பதல்’ வழியாக உருதுவில் இருந்து வந்தது. அதனால் என்ன? ஓசூரில் தெலுங்கு பேசுபவர் ‘பதுலு’ என்பார், கன்னடம் பேசுபவர் ‘பதலு’ என்பார், நாம் ‘அவனுக்குப் பதிலா நான் வந்தேன்’ என்போம். மூன்று வீட்டிலும் புழங்கும் சொல்லை வெளியே தள்ள எனக்கு மனமில்லை. வாக்குச்சாவடிக்குப் போகும் மனிதருக்குப் பதிலாள் சரி. கணினியில் ஓடுவது ஆள் அல்ல, நிரல். அதற்குக் கணினி, உலாவி வரிசையில் பதிலி பொருந்துகிறது.

இனி அமைப்புப் பெட்டிக்கு வருவோம். பயர்பாக்ஸில் கைமுறை ப்ராக்ஸி அமைப்பைத் தேர்ந்து, எச்டிடிபி பதிலி இடத்தில் 127.0.0.1 என்றும், போர்ட் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று சொல்லும் கதவு எண்) இடத்தில் 4444 என்றும் கொடுக்கிறோம். 127.0.0.1 என்பது வேறு ஊர் அல்ல, உங்கள் கணினியேதான். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஐ2பி நிரல்தான் பதிலி. ஐ2பி என்று முடியும் முகவரியைப் பொது இணையத்தின் பெயர்ப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. உலாவி அந்தப் பெயரைப் பதிலியிடம் கொடுக்கிறது. பதிலி தன் முகவரிப் புத்தகத்தில் பார்த்து, வழக்கமாக மூன்று கணினிகள் தாண்டும் சுரங்கப்பாதை வழியே அனுப்புகிறது. விடை வேறு பாதையில் திரும்புகிறது. பாதைகளின் ஆயுள் 10 நிமிடம், அப்புறம் புதிது போடப்படும். இவ்வளவு மறைப்பும் 4444 என்ற கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது.

நிரலைத் துவக்க மறந்து தளத்தைத் திறந்தால், ப்ராக்ஸி சர்வர் இணைப்பை மறுக்கிறது என்று பயர்பாக்ஸ் சொல்லும். தடை போட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். பதிலி வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். துவக்கிய பிறகும் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் இலவச ப்ராக்ஸியின் முகவரியை இதே பெட்டியில் போடுபவர்களும் உண்டு. பெட்டி ஒன்றுதான், நிலைமை வேறு. நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் அந்தப் பதிலியை நடத்துபவருக்குத் தெரியும்.

ஐ2பிக்குள்ளிருந்து சாதாரண இணையத்துக்கு வெளியேற்றிவிடும் அவுட்ப்ராக்ஸியை வெளிப்பதிலி எனலாம். பயனருக்குப் பதிலாக அல்லாமல், தளத்தின் சர்வருக்குப் பதிலாக முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸி எதிர்ப்பதிலி. பெயர் மறைக்கும் இன்னொரு வலையமைப்பான டோருக்கு மட்டும் இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். டோர் பிரவுசர் தனக்கான பதிலியைத் தானே அமைத்துக்கொண்டுதான் வருகிறது. ஐ2பிக்குப் பயர்பாக்ஸில் தனி ப்ரொஃபைல் (அமைப்புகளையும் வரலாற்றையும் தனியே வைத்துக்கொள்ளும் கணக்கு) ஒன்று திறந்துகொள்ளுங்கள். வங்கி, மின்னஞ்சல் எல்லாம் பழைய ப்ரொஃபைலிலேயே இருக்கட்டும்.