ஓம்புயிரி: சொல் விளக்கம்

ஒட்டுண்ணி எந்த உடலில் தங்கி உணவெடுக்கிறதோ, அந்த உயிர்தான் ஓம்புயிரி. ஆங்கிலத்தில் ஹோஸ்ட். அதன் வேர் 'ஹாஸ்பெஸ்' என்ற இலத்தீன் சொல். விருந்தளிப்பவர், விருந்தாளி இருவரையுமே அது குறித்தது. பாராசைட் கிரேக்கத்திலிருந்து வந்தது: அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்து உண்பவர். இரண்டும் சாப்பாட்டு இடத்தில் பிறந்த சொற்கள். ஹோஸ்டை நம் பாடநூல்கள் சில 'விருந்தோம்பி' என்று எழுதுவது இதனால்தான்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. விருந்து என்பதன் பழைய பொருள் புதுமை. புதிதாகப் புனையும் செய்யுளைத் தொல்காப்பியம் விருந்து என்றே சொல்கிறது. புதிதாக வந்தவரை மனமுவந்து உபசரிப்பதுதான் விருந்தோம்பல். ஒட்டுண்ணியை யார் அழைத்தார்கள்? பல ஒட்டுண்ணிகள் புதியவையும் அல்ல, தலைமுறை தலைமுறையாகக் கூடவே இருப்பவை. ஓம்புதல் என்றால் பேணி வளர்த்தல். விரும்பியோ விரும்பாமலோ ஓர் உடல் இன்னோர் உயிரை வளர்க்கிறது என்பதை 'ஓம்புயிரி' நேராகச் சொல்லிவிடுகிறது.

இது ஓர் உயிரினத்தின் பெயரல்ல, அது வகிக்கும் இடத்தின் பெயர். யானைக்கால் நோய்ப் புழுவைப் பாருங்கள். நம் நிணநீர்க் குழாய்களில் வாழும்போது அது ஒட்டுண்ணி. ஆனால் அதன் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அதற்கு இந்தப் புழுதான் ஓம்புயிரி! இவர்களுடையது ஒட்டுண்ணி வாழ்வும் அல்ல, இருவரும் ஒருவருக்கொருவர் உதவி வாழும் இணைவாழ்வு. தாய்ப்புழுவின் முட்டை வழியாகவே பாக்டீரியா அடுத்த தலைமுறைக்குப் போகிறது. 2005-இல் இவ்வகைப் புழு ஒன்றின் வோல்பாக்கியா மரபணுத் தொகுதியை வாசித்தபோது, புழு வாழத் தேவையான, ஆனால் அதனால் தானே செய்துகொள்ள முடியாத ஹீம் என்ற இரும்பு கலந்த பொருளை ஆக்கும் மரபணுக்கள் அதில் இருந்தன.

இப்படிச் சேர்ந்து வாழும் உயிர்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்றின் இயல்பை மற்றொன்று மாற்றியமைத்துக்கொண்டே வருவதற்கு இணைப்பரிணாமம் என்று பெயர். புழு தன்னைச் சுமக்கும் கொசுவுக்கு ஏற்பவும் மாறியிருக்கிறது. நம்மூர் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்துக்கு வருகின்றன, ஏனென்றால் அவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு இரவில் கடிக்கும். பகலில் கடிக்கும் கொசுக்கள் இந்நோயைப் பரப்பும் சில பசிபிக் தீவுகளிலோ, குஞ்சுகள் பகலிலும் மேலே வருகின்றன.

சரி, புழுவுக்குள் இருக்கும் அந்த வோல்பாக்கியா பாக்டீரியா போய்விட்டால் புழு என்னாகும்? டாக்சிசைக்ளின் என்ற மருந்தை 4 முதல் 6 வாரம் கொடுத்தால் அது வோல்பாக்கியாவைத்தான் அழிக்கும். அப்புறம் புழு மலடாகி, பல மாதங்களில் மெல்லச் செத்துப்போகிறது.