வெட்டியெறிந்த 40 நிமிடங்கள்

அவர் வயலின் பழுதுபார்ப்பவர். மேடையேறும் கலைஞர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எதிரே உட்கார்ந்து கைதட்டுபவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைப்பதற்குத்தான் உள்ளூர்ப் பொது வானொலி இருக்கிறது என்பது என் கட்சி. ஸ்டூடியோவுக்கு அழைத்தேன். 52 நிமிடம் பேசினார். அதில் 12 நிமிடத்தை ஒலிபரப்பினோம்.

11 ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். அப்பா காலமாகிவிட்டார் என்றார். "வீட்டில் போட்டோ நிறைய இருக்கிறது சார். குரல்தான் இல்லை."

ஒலிபரப்பான 12 நிமிடத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "மரத்தைத் தட்டிக் காட்டியிருப்பாரே, அது வரவில்லையே?" என்றார்.

தட்டிக் காட்டினார்தான். வயலினின் பலகையை விரல் முட்டியால் தட்டி, எங்கே விரிசல் இருக்கிறது, எங்கே பசை விட்டிருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கும் வித்தையை எனக்குச் செய்து காட்டினார். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் நாலைந்து விநாடி பேசாமல் காத்திருந்தார். வானொலியில் அவ்வளவு நேரம் சத்தம் இல்லையென்றால் நேயர் பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே வெட்டினேன். வெட்டாத முழுப் பதிவு இருந்த வட்டு, இடம் போதாமல் ஒருநாள் துடைக்கப்பட்டுவிட்டது. துடைத்தது யார் என்று கேட்காதீர்கள். அந்த நிலையத்தில் அதற்கென்று தனியாக ஆள் கிடையாது, எல்லோரும் துடைப்போம்.

எழுத்தாளர், பாடகர், பள்ளி நடத்துபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்று எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "எப்போது வரும்?" என்பதுதான். கேட்க வேண்டியது வேறு: "முழுப் பதிவை என்ன செய்வீர்கள்? எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?" தயாரிப்பாளரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பேட்டி முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போதே கேட்டுவிடுங்கள். அன்று மாலை கேட்டால் ஐந்து நிமிட வேலை. அடுத்த ஆண்டு கேட்டால் நாங்கள் உதட்டைப் பிதுக்குவோம். சில நிலையங்களில் முழுப் பதிவை வெளியே தருவதற்கு விதி இடம் தராது. அப்போதும், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

ஒலிபரப்பில் வருவது பேட்டி அல்ல, பேட்டியிலிருந்து எடுத்தது. அன்றைய நேயருக்கு அது போதும். பிற்பாடு ஒரு மனிதரைத் தேடி வருகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் நாங்கள் வெட்டிய பகுதியில்தான் இருக்கும்: தடுமாறிய இடம், பாதியில் பாடி நிறுத்திய வரி, கேள்வி பிடிக்காமல் விட்ட பெருமூச்சு.

இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்க வானொலிப் பேட்டியாளர் ஸ்டட்ஸ் டெர்கெல் 1952 முதல் 1997 வரை சிகாகோவின் டபிள்யூஎஃப்எம்டி என்ற நிலையத்தில் தினமும் யாரையாவது உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். உலகப் புகழ் பெற்றவர்களும் வந்தார்கள், அக்கம்பக்கத்தில் வேலை பார்ப்பவர்களும் வந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு அவருக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. பொத்தானைத் தவறாக அழுத்துவது பற்றி அவரே சிரித்துச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் 5,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் பிழைத்துக் கிடக்கின்றன. காரணம் எளியது: நாடாக்களை யாரோ எடுத்து வைத்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் பாஸ்டனின் ஜிபிஎச் நிலையமும் சேர்ந்து பொது ஒலிபரப்புக்கென்றே ஓர் ஆவணக் காப்பகத்தை நடத்துகின்றன. சின்ன நிலையங்களின் பழைய பேட்டிகளும் அதில் சேர்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பேட்டியின் ஒலிநாடா கிடந்தால் இன்னும் தள்ளிப்போடாதீர்கள். காந்தத் துகள்களை நாடாவில் ஒட்டிவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். 1970களிலும் 80களிலும் தயாரான நாடாக்களில் இந்தத் தொல்லை அதிகம். அதை அப்படியே ஓடவிட்டால் குரல் உரிந்து கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். தெரிந்தவர்கள் அதற்கென்று உள்ள அடுப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்திப் பிறகே ஓட்டுவார்கள். தயவுசெய்து உங்கள் வீட்டு அடுப்பில் முயலாதீர்கள். முயன்ற ஒருவரின் நாடாவைப் பார்த்திருக்கிறேன். நெளிந்துபோன வளையல் மாதிரி இருந்தது.

டிஜிட்டல் கோப்பு என்றால் சாகாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். நாடா மெல்லச் செத்தது, கோப்பு சொல்லாமல் சாகும். சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வாங்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்ற தரத்தில் பதிந்தது என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். அதையே சுருக்கி 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 60 எம்பிகூட வராது. ஆனால் வெட்டுண்ட நுண்ணொலிகள் திரும்பி வராது. இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயரும் தேதியும் இருக்கட்டும். 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுதான் இறுதி' என்று மூன்று கோப்புகளைத் திறந்துபார்த்து நான் வீணாக்கிய மாலைகள் பல.

இசைக்கலைஞர்களுக்குத் தனியாக ஒன்று. ஸ்டூடியோவில் நீங்கள் பாடிய பாட்டில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவு செய்தவர் என்று பலருக்கும் உரிமை இருக்கலாம். பாட்டை ஒலிபரப்ப நிலையம் பெற்றிருக்கும் உரிமம், அதையே பாட்காஸ்டாக வெளியிடப் பெரும்பாலும் போதாது. அதனால்தான் நல்ல பேட்டிகள் சில ஒலிபரப்பான மறுவாரமே இணையத்தில் காணாமல் போகின்றன, அல்லது பாட்டு வரும் இடத்தில் பொக்கை வாயாகத் தெரிகின்றன. பேச்சையும் பாட்டையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். பாட்டு சிக்கிக்கொண்டாலும் பேச்சாவது தப்பிக்கும். தங்கள் நூலிலிருந்து வாசிக்கும் எழுத்தாளர்கள் பதிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் காப்பாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். ஒரு பெண்மணி தன் முதலாளியைப் பற்றி மைக் இருப்பதையே மறந்து பேசினார். மறுநாள் காலை போன் செய்து அதை எடுத்துவிடச் சொன்னார். நிகழ்ச்சியிலிருந்து மட்டுமல்ல, மூலப் பதிவிலிருந்தும் எடுத்துவிட்டேன். அன்று ஒருமுறை காற்றில் போவதற்குச் சம்மதித்தவர், என்றென்றும் தேடினால் கிடைப்பதற்குச் சம்மதித்தார் என்று ஆகாது. அது தனிக் கேள்வி. தனியாகத்தான் கேட்க வேண்டும்.

வயலின்காரரின் மகளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. பழைய வட்டுகளைக் குடைந்தேன். ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் விருந்தினரைப் பேசாமல் உட்கார வைத்து, அறையின் மௌனத்தை 30 விநாடி பதிவோம். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அது தேவைப்படும். மனிதர்களின் குரல்களைத் துடைத்த நாங்கள், இந்த மௌனங்களை மட்டும் உதவும் என்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தோம். அவருடைய தேதியில் ஒரு கோப்பு இருந்தது.

போட்டேன். ஏசியின் மெல்லிய இரைச்சல். நாற்காலி ஒருமுறை முனகியது. பிறகு, மேசையின் மீது, டொக்... டொக்... கொஞ்சம் தள்ளி இன்னொரு டொக். கடைசியில் தணிந்த குரலில், "இந்த மேசையில் கீழே எங்கேயோ ஆணி கழன்றிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்."

மகள் சிரித்துவிட்டார். "இன்னொரு தடவை போடுங்கள் சார்" என்றார்.