இருபது கிராமிலிருந்து எப்போது ஏறுவது?

எடை குறைக்கச் சோற்றையும் சர்க்கரையையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்தோடு ஓட்டுபவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு கேள்வி வரும்: இன்னும் எத்தனை நாள் இப்படி? இந்த 20 கிராம் கணக்கைப் பிரபலமாக்கியது அமெரிக்க இதயநோய் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸின் உணவுமுறை. அவருடைய முதல் புத்தகம் 1972இல் வந்தது. முறைக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முதல் கட்டமான ‘இண்டக்‌ஷன்’தான் மிகக் கடுமையானது: குறைந்தது 14 நாள், நாளுக்கு 20 கிராம் நெட் கார்ப் (நார்ச்சத்தைக் கழித்த மாவுச்சத்து), அதிலும் 12 முதல் 15 கிராம் காய்கறியிலிருந்தே வர வேண்டும். தமிழ்நாட்டில் ‘பேலியோ’ என்ற பெயரில் பரவியிருப்பதும் இதற்குப் பக்கத்து வீடுதான். அதனால் கேள்வியும் ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான்.

ஏன் 14 நாள்? கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை, இருப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து நின்றதும் கல்லீரல் இருப்பு ஓரிரு நாளில் வற்றிவிடும், தசை இருப்பும் இறங்கும். கூடவே இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் தராசு காட்டும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். மூன்றாம் நாள் தலைவலி, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு ஆகியவை பெரும்பாலும் உப்பு போனதால் வருபவை. உடம்பு சோறு கேட்கிறது என்று நினைத்து அந்த நாளிலேயே பலர் கைவிடுகிறார்கள். உப்புப் போட்ட ஒரு கிண்ணம் எலும்பு சூப் குடித்தாலே பலருக்குத் தெளிந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மட்டும் இதை மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

இதே நாட்களில் கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன் என்ற எரிபொருளாக மாற்றத் தொடங்கியிருக்கும். ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோசிஸ் என்று கொள்வார்கள். அங்கே போய்ச் சேரப் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு நாள் போதும். இரண்டாம் வார முடிவில் தண்ணீரின் கூத்து அடங்கியிருக்கும். எடை உண்மையில் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த வேகம் தெரியாமல் அடுத்த படி ஏறினால், ஏறியது ஒத்துக்கொண்டதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. முதல் கட்டத்தின் முக்கியமான பயன் இந்த ஒப்பீட்டு அளவுதான்.

ஏறலாமா என்று முடிவு செய்ய முதலில் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் தூரம். இலக்கு எடைக்கு 15 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ மிச்சம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்துக்குப் போகச் சொல்கிறது அட்கின்ஸ் முறை. குறைக்க வேண்டியது 25, 30 கிலோ என்றால் இரண்டு வாரத்தோடு நிறுத்த வேண்டிய கட்டாயமில்லை, தொடரலாம். மலச்சிக்கல் விடவில்லை, முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்ற நிலை வந்துவிட்டால் தூரத்தைப் பார்க்காமல் ஏறுவதே மேல். சலித்துப்போனவர் ஒரு கல்யாண வீட்டில் எல்லாவற்றையும் உடைப்பதைவிட, திட்டமிட்டு 5 கிராம் கூட்டுவது எவ்வளவோ நல்லது. மாறாக, மாலை நான்கு மணிக்கு இனிப்பைத் தேடும் கை இன்னும் அடங்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம்.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் பட்டையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அது அளப்பது கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோஅசிட்டேட்டை மட்டும். நிறைய தண்ணீர் குடித்தாலே நிறம் வெளிறிவிடும். சில வாரங்களில் சிறுநீரில் கீட்டோன் வீணாவதும் குறைந்துவிடும். பட்டை வெளுத்ததைப் பார்த்து, டயட் வேலை செய்யவில்லை என்று 20ஐ 10 ஆக்கிக்கொள்பவர்கள் தேவையில்லாமல் தங்களை வாட்டிக்கொள்கிறார்கள்.

ஏறுவது வாரத்துக்கு 5 கிராம். 20இலிருந்து 25, ஒரு வாரம் கழித்து 30, பிறகு 35. நெட் கார்ப் என்பது மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்தது. இங்கே ஒரு பொறி உண்டு. அமெரிக்க லேபிளில் மொத்தக் கணக்குக்குள் நார்ச்சத்தும் அடக்கம், கழிக்க வேண்டும். ஐரோப்பிய லேபிளில் ஏற்கெனவே பிரித்துத்தான் போட்டிருப்பார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையும் அப்படித்தான். அதில் இன்னொரு முறை கழித்தால் கணக்கு தாளில் மட்டும் அழகாக இருக்கும்.

எதை முதலில் சேர்ப்பது என்பதற்கும் அட்கின்ஸ் ஒரு ஏணி வைத்திருக்கிறார்: கூடுதல் காய்கறி, சீஸ், கொட்டை விதைகள், பெர்ரிப் பழங்கள், ஒயின், பருப்பு வகை, மற்ற பழங்கள், கிழங்குகள், கடைசியில் முழுத்தானியம். பருப்புக்கு முன்னால் ஒயின் நிற்பதைப் பார்த்தாலே இது எந்த ஊர்ச் சாப்பாட்டு மேசை என்று புரிந்துவிடும். நம் சமையலறையில் அந்த ஒயின் படியைத் தாண்டிவிடலாம். பெர்ரி இருந்த இடத்தில் கொய்யாவை வைக்கலாம், 50 கிராமில் 4, 5 கிராம்தான் வரும்.

ஆனால் எல்லா 5 கிராமும் ஒன்றல்ல. காலிஃபிளவரில் 5 கிராம் நெட் கார்ப் வேண்டுமானால் 165 கிராம் சாப்பிட வேண்டும், கலோரி 40ஐ ஒட்டித்தான் இருக்கும். அதே 5 கிராம் பாதாமில் வேண்டுமானால் 55 கிராம் தின்ன வேண்டும், கலோரி 300ஐத் தாண்டிவிடும். இரண்டாம் கட்டத்தில் எடை நின்றுவிட்டது என்று புலம்புபவர்களின் மேசையில் பாதாம் டப்பா திறந்தே இருப்பது இதனால்தான். கார்ப் கணக்கு சரியாகவே இருக்கும், டப்பாதான் காலியாகிக்கொண்டிருக்கும். கொட்டையைக் கையால் அள்ளாமல், காலையிலேயே தராசில் 30 கிராம் எடுத்து வைத்துவிட வேண்டும். வேகவைத்த கொண்டைக்கடலையில் 5 கிராம் என்பது வெறும் 25 கிராம் கடலை. சோற்றில் என்றால் சுமார் 18 கிராம், ஒரு மேசைக்கரண்டி குவித்தால் முடிந்தது. நடுத்தரத் தோசை ஒன்றில் 20 கிராம் வந்துவிடும். ‘ஒரே ஒரு தோசைதானே’ என்பது நான்கு படியை ஒரே தாவலில் ஏறுவது.

ஏறிய வாரத்தில் தராசு துள்ளும், அதில்தான் பலர் பயந்து திரும்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளைக்கோஜன் 100 கிராம் திரும்ப நிரம்பினால், அதோடு 300 கிராம் தண்ணீரும் சேர்ந்து 400 கிராம் எடை கூடும். 400 கிராம் உடல் கொழுப்பு சேரவோ 3,000 கலோரிக்கு மேல் உபரி வேண்டும். நீங்கள் கூட்டிய 5 கிராம் மாவுச்சத்தில் இருப்பது 20 கலோரி. அதனால் ஒரு நாள் எடையை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். தினமும் காலையில் கழிவறை போய்விட்டு, தண்ணீர் குடிக்கும் முன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தின வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் எடுங்கள். எடையும் அளவும் சேர்ந்தே நான்கு வாரம் அசையவில்லை என்றால்தான் அது தேக்கம். சராசரி ஏறத் தொடங்கினாலோ அடங்கியிருந்த பசி திரும்பினாலோ 5 கிராம் இறங்கி, அந்த அளவிலேயே நில்லுங்கள். இந்த எண் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 60.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குக் கணக்கே வேறு. இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குக் கடுமையான கட்டத்தில் அளவைக் குறைத்திருப்பார்கள், ஏறும்போது அதை மீண்டும் பார்க்க வேண்டும். டாபாக்லிப்ளோசின், எம்பாக்லிப்ளோசின் எடுப்பவர்களுக்குக் கடுமையான கட்டமே ஆபத்து. சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகம் வந்தால் சர்க்கரைமானி என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தக் கட்டத்துக்குள் வரவே கூடாது.

இலக்குக்கு நான்கைந்து கிலோ மிச்சம் இருக்கும்போது மூன்றாம் கட்டம். இங்கே வாரத்துக்கு 10 கிராம் கூட்டி, எடை குறையும் வேகத்தை வேண்டுமென்றே மந்தமாக்க வேண்டும். சோறு, கிழங்கு எல்லாம் சின்ன அளவில் திரும்புவது இங்கேதான். மாதக்கணக்கில் 20 கிராமில் இருந்தவரின் தசைகள் குளுக்கோஸை உடனே வாங்கிக்கொள்ளாது. ஒரே நாளில் முழுச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் இதுவரை சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சாப்பாட்டுக்குப் பின் அளவு எகிறிக் காட்டக்கூடும். குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்யும் சோதனைக்குப் போவதாக இருந்தால், அதற்கு முந்தைய மூன்று நாளும் நாளுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். குறைந்த மாவுச்சத்து உணவில் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த மூன்று நாளை எப்படிச் சாப்பிடுவது என்று அவரே சொல்லிவிடுவார்.