தட்டில் விழும் வட்டத்தைப் படிப்பது எப்படி?

சீழிலிருந்தோ சிறுநீரிலிருந்தோ வளர்த்தெடுத்த பாக்டீரியாவுக்கு எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும்? இதைக் கண்டறியப் பல ஆய்வகங்கள் இன்றும் டிஸ்க் முறையைத்தான் நம்பியிருக்கின்றன. பாவர், கெர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வரும் 1966-ல் இதற்குச் சீரான செய்முறை வகுத்தார்கள். தட்டில் ஊற்றி உறையவைத்த ஜெல்லி போன்ற வளர்ப்பு ஊடகமான அகாரில் பாக்டீரியாவைத் தடவி, அதன் மேல் மருந்து ஊறிய 6 மி.மீ. காகித டிஸ்குகளை வைப்பார்கள். மறுநாள், வளர்ச்சி தடைபட்ட இடம் டிஸ்கைச் சுற்றித் தெளிந்த வட்டமாகத் தெரியும்.

டிஸ்கிலிருந்து மருந்து கசிந்து பரவும். தள்ளிப் போகப் போக அதன் செறிவு குறையும். அதே நேரத்தில் பாக்டீரியாவும் பெருகிக்கொண்டிருக்கும். போதிய மருந்து வந்து சேர்வதற்குள் கூட்டம் பெருத்துவிட்ட இடத்தில்தான் வட்டத்தின் விளிம்பு அமைகிறது. முதல் சில மணி நேரத்திலேயே இது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் தொடக்க அளவுகளில் இத்தனை கண்டிப்பு.

ஒரே மாதிரியான நான்கைந்து காலனிகளை, அதாவது தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை, உப்புநீரில் கரைத்து, கலங்கலை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலின் அடர்த்தியைக் குறிக்கும் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 10 முதல் 20 கோடி பாக்டீரியா. 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்து, முல்லர்-ஹின்டன் என்ற வகை அகாரில் தடவ வேண்டும். ஒவ்வொரு முறையும் தட்டை 60 டிகிரி திருப்பி, மூன்று முறை. டிஸ்குகளின் மையங்களுக்கு இடையே குறைந்தது 24 மி.மீ. விட வேண்டும். வைத்த டிஸ்கை நகர்த்தக் கூடாது. தொட்ட கணமே மருந்து இறங்கத் தொடங்கியிருக்கும். பிறகு தட்டைக் கவிழ்த்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம்.

கலங்கல் அடர்ந்தால் வட்டம் சுருங்கும்; வேலை செய்யக்கூடிய மருந்தும் பயனற்றது போலத் தெரியும். அகாரின் தடிமன் 4 மி.மீ. இருக்க வேண்டும். மெலிந்தால் வட்டம் விரியும், எதிர்ப்புள்ள கிருமி மறைந்துகொள்ளும். இந்த இரண்டாவது பிழையே ஆபத்தானது, ஏனென்றால் பலிக்காத மருந்தை நோயாளிக்குக் கொடுக்க வைக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க் டப்பாவை அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் உள்ளே ஈரம் படியும். பென்சிலின் வகை மருந்துகள் அதில் வீரியம் இழக்கும்.

பெரிய வட்டம் வந்த மருந்தே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மருந்துக்கு மருந்து பரவும் வேகம் வேறு, டிஸ்கில் உள்ள அளவும் வேறு. ஒவ்வொன்றையும், கிருமி கட்டுப்படுமா என்று சொல்ல அந்த மருந்துக்கென வகுத்த எல்லை அளவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வட்டத்தின் வடிவமும் பேசும். ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா தடவிய தட்டில் எரித்ரோமைசின், கிளின்டமைசின் என்ற இரு ஆன்டிபயாடிக் டிஸ்குகளை, விளிம்புக்கு விளிம்பு 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் வைத்துப் பாருங்கள். சில கிருமிகளில் கிளின்டமைசின் வட்டம், எரித்ரோமைசினை நோக்கிய பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில டி எழுத்தைப் போல நிற்கும். எரித்ரோமைசின் பட்டதும் விழித்துக்கொள்ளும் ஒரு மரபணு, பாக்டீரியாவின் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் மருந்து பற்றும் இடத்தையே மாற்றிவிடுவதால் வரும் தட்டை அது. கிளின்டமைசினைத் தனியே சோதித்தால் முழு வட்டம் விழும், ஏமாந்துபோவோம். இந்தக் கிருமியைக் கிளின்டமைசினுக்குக் கட்டுப்படாதது என்றே அறிக்கையில் எழுத வேண்டும்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கோ இந்தத் தட்டே உதவாது. அதன் மூலக்கூறு பெரியது. அகாரில் சரியாகப் பரவாது. எதிர்ப்புள்ள கிருமிக்கும் இல்லாததற்கும் வட்ட அளவில் நம்பத்தக்க வித்தியாசம் தெரியாது. அதற்கு, மருந்தைத் திரவ ஊடகத்தில் இரண்டிரண்டு மடங்காக நீர்க்கச் செய்து, திரவம் நிரப்பிய குழிகளில் எதில் கலங்கல் நின்றுபோகிறது என்று பார்க்கும் முறையே சரி.