டெலிகேஷன்: பகிர்வா, ஒப்படைப்பா?

'டெலிகேஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'லேகாரே'. தூது அனுப்புவது என்று பொருள். தூதன் பேசுவதெல்லாம் அனுப்பியவனின் சொல். திரும்பி வா என்றால் வந்துவிட வேண்டும். அரசு அலுவல் வழக்கிலும் இந்தக் கருத்து மாறவில்லை: அதிகாரம் உரியவரிடமே இருக்கும், அதைச் செலுத்தும் வேலை மட்டும் இன்னொருவருக்குப் போகும். அப்படிப் பெற்றவர் அதை வேறொருவருக்குத் தள்ளிவிட முடியாது என்பது பழைய சட்ட விதி.

தமிழில் பலரும் இதை 'அதிகாரப் பகிர்வு' என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பகிர்ந்தால் பங்கு பிரிந்துவிடும். பங்கைத் திரும்பக் கேட்க முடியாது. கூட்டாட்சியில் அரசுகளுக்கிடையே நடப்பதற்கு வேண்டுமானால் அந்தச் சொல் பொருந்தும்.

'டிரான்ஸ்ஃபர்' என்பது வேறு. அதில் பழைய துறையின் கை விட்டுப்போகிறது, புதிய துறை தன் பெயரிலேயே செய்கிறது. அமெரிக்காவில் சிறுதொழில்களுக்கு உதவும் அரசு அமைப்பான 'சிறுதொழில் நிர்வாகம்' உருவான கதையில் இரண்டையும் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், சிறு ஆலைகளுக்கென ஒரு கழகம் அமைந்தது. போர் முடிந்ததும் அது கலைக்கப்பட்டு, கடன் கொடுக்கும் பணி மறுசீரமைப்பு நிதிக் கழகம் என்ற அரசுக் கடன் நிறுவனத்துக்குப் போனது. கொரியப் போர் வந்ததும், 1951இல், இன்னொரு அமைப்பு. இப்படி ஒவ்வொரு போருக்கும் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்த சிறுதொழில்காரர்களுக்கு 1953 ஜூலை 30 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் தனி நிர்வாகத்தைத் தந்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த அதிபர் ஆணை சில பணிகளை அந்த நிர்வாகத்துக்கு மாற்றியது, சில அதிகாரங்களை அதனிடம் ஒப்படைத்தது. இரண்டுக்கும் தனித்தனி வினைச்சொற்கள்! 1950ஆம் ஆண்டின் பாதுகாப்பு உற்பத்திச் சட்டம் பல அதிகாரங்களை அதிபர் கையிலேயே வைத்திருந்தது. அவற்றை அவர் ஒப்படைக்கலாம், வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

'ஒப்படைப்பு' நல்ல சொல். சாவியை ஒப்படைக்கிறோம், பிள்ளையை ஒப்படைக்கிறோம். வாங்கியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. 'அதனை அவன்கண் விடல்' என்று வள்ளுவர் சொன்னதும் இந்தச் செயலைத்தான். ஆனால், ஆளை ஆராய்ந்த பிறகு.

ஆகவே டெலிகேஷனுக்கு 'அதிகார ஒப்படைப்பு', துறைகளுக்கிடையே டிரான்ஸ்ஃபருக்குப் 'பணி மாற்றம்' அல்ல, 'பொறுப்பு மாற்றம்'. பணி மாற்றம் என்றால் ஊழியர் இடம் மாறுவதாகவே காதில் விழும். கடன் மனு தள்ளுபடியான தொழில்முனைவோருக்கு இந்த வேறுபாடு முக்கியம்: ஒப்படைப்பு என்றால் அதிகாரம் கொடுத்தவரிடமும் முறையிட வழி இருக்கலாம், பொறுப்பே மாறிவிட்டால் பழைய துறைக்குப் போய்ப் பயனில்லை.