மாட்டுத்தாவணியில் மாடு இல்லை: நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் கதை

பெரியப்பாவுக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கமிஷன் கடை. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை அடிவாரத்தில் வீடு கட்டிக் குடிபோன நாளிலிருந்து, வீட்டுக்குள் அவர் செல்லில் சிக்னல் நிற்பதில்லை. பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. வேறு கம்பெனிக்கு மாறிவிடுங்கள் என்று நானும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பதில் ஒன்றுதான்: "ஏப்பா, நம்பர் போச்சுன்னா யாவாரமே போச்சு. நிலக்கோட்டையில இருந்து உசிலம்பட்டி வரைக்கும் பூ போடுற சம்சாரி அத்தனை பேர்கிட்டயும் இந்த நம்பர்தான் இருக்கு."

நம்பர் போகாது என்று சொன்னால் அவர் நம்பவில்லை. "சிம்மைத் தூக்கிப் போட்டுட்டா நம்பர் எப்படி இருக்கும்?" என்றார். நியாயமான கேள்வி.

நம்பர் சிம்முக்குள் இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. சில சிம்களில் நம்பரும் எழுதியிருக்கும். ஆனால் அது வெறும் குறிப்பு, நெட்வொர்க் அதைப் பார்ப்பதே இல்லை. சிம்முக்குள் முக்கியமாக இருப்பவை இரண்டு. ஒன்று, ஐ.எம்.எஸ்.ஐ. என்ற அடையாள எண். இந்தியாவில் 404 அல்லது 405 என்று தொடங்கும் 15 இலக்கம். அது நாட்டையும் கம்பெனியையும் சொல்லிவிடும். இன்னொன்று, ஒரு ரகசியச் சாவி. அது சிம்முக்கும் அதைக் கொடுத்த கம்பெனிக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்தச் சாவி வேலை செய்கிற விதம் அழகானது. பழைய மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் ஒருவருக்கும் விலை தெரியாது. செல்லை ஆன் செய்ததும் நடப்பது ஏறக்குறைய அதுதான். கம்பெனி ஏதோ ஒரு எண்ணை அனுப்பும். சிம் அந்த எண்ணையும் தன் சாவியையும் கலந்து கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். கம்பெனியும் தன்னிடம் உள்ள சாவியை வைத்து அதே கணக்கைப் போடும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் "சரி, நம்ம ஆள்தான்" என்று உள்ளே விடும். சாவி ஒருபோதும் காற்றில் பறப்பதில்லை, எனவே நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்கு அது கிடைக்காது.

அப்படியானால் நம்பர் எங்கே? கம்பெனியின் பேரேட்டில். "இந்த 10 இலக்க நம்பருக்கு உரியவர் இந்த 15 இலக்க சிம்காரர்" என்று கம்ப்யூட்டரில் ஒரு வரி. அந்த வரிதான் உங்கள் நம்பர். சிம் தொலைந்தால் புது சிம்மில் அதே நம்பர் வருவதும் இதனால்தான்: பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் திருத்துகிறார்கள். கம்பெனி மாறும்போது அந்த வரி பழைய பேரேட்டில் அடிக்கப்பட்டு, புதிய கம்பெனியின் பேரேட்டில் எழுதப்படுகிறது. பழைய சிம்மின் சாவி புதிய கம்பெனியிடம் கிடையாது. புது சிம் கட்டாயம் என்பதற்குக் காரணம் அதுதான்.

இதைச் சொன்னதும் பெரியப்பா அடுத்ததைக் கேட்டார். "சரி, இங்க மாத்திட்டாங்க. உசிலம்பட்டியில இருந்து கூப்பிடுறவனோட கம்பெனிக்கு அது எப்படித் தெரியும்?"

உண்மையில் சிக்கலான இடம் இதுதான். ஒரு காலத்தில் நம்பரின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 94433 என்றால் பி.எஸ்.என்.எல்., 98421 என்றால் ஏர்செல். எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான் வழி பார்த்தது. 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்கவும் நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி வந்தது. 2015 ஜூலையில் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் நம்பரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றானது. அன்றிலிருந்து முதல் இலக்கங்கள் வெறும் ஊர்ப்பெயர் மாதிரி ஆகிவிட்டன. மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை. பெயர் இருக்கிறது, இப்போது அங்கே நிற்பது பஸ்தான். 94433 எங்கே பிறந்தது என்று சொல்லும், இப்போது எங்கே குடியிருக்கிறது என்று சொல்லாது.

அதனால் பொதுவாக ஒரு பட்டியல் தேவைப்பட்டது. கம்பெனிகளுக்கு நடுவே நின்று அதைப் பராமரிக்க இந்தியாவில் இரண்டு அமைப்புகள் உண்டு, வடக்கு மேற்குக்கு ஒன்று, தெற்கு கிழக்குக்கு ஒன்று. கம்பெனி மாறிய ஒவ்வொரு நம்பரும் இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவல் அங்கிருந்து எல்லாக் கம்பெனிகளுக்கும் போகிறது. உசிலம்பட்டிக்காரர் பெரியப்பா நம்பரை அழுத்தியதும், அவருடைய கம்பெனி முதலில் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்கிறது, பிறகுதான் அழைப்பை அனுப்புகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் அழைப்பு முதலில் நம்பர் பிறந்த கம்பெனிக்குப் போய், அங்கிருந்து புதிய கம்பெனிக்குத் திருப்பி விடப்படுகிறது. பிறந்த வீட்டின் வழியாகப் புகுந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. பிறந்த வீடு இடிந்துவிட்டால் சிரமம். நம் ஊரில் அது நிஜமாகவே நடந்தது: 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது, தமிழ்நாடெங்கும் மற்றக் கம்பெனிகளின் கடைகளில் வரிசை நின்றது. அப்படி வெளியேறிய 98421 நம்பர்கள் இன்றும் ஓடுகின்றன. அவை பிறந்த வீட்டை நம்பி இல்லை.

மாறுகிற வழி சுலபம். ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். 8 எழுத்துள்ள ஒரு குறியீடு வரும், ஆயுள் 4 நாள். அதையும் ஆதாரையும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் தமிழ்நாட்டுக்குள் 3 வேலை நாள், வெளி மாநிலம் என்றால் 5. 2019 டிசம்பருக்குப் பிறகு, தகுதி இருந்தால்தான் அந்தக் குறியீடே வரும்: தற்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருக்கக் கூடாது. 2024 ஜூலையிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. அதே கம்பெனியில் சிம்மை மட்டும் மாற்றினால் அடுத்த 7 நாளுக்குப் போர்ட் செய்ய, அதாவது கம்பெனி மாற, முடியாது. திருடன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் எடுத்து, கையோடு கம்பெனியும் மாற்றி, வங்கி ஓ.டி.பி.யைத் தன் பக்கம் திருப்பிவிடாமல் இருக்கத்தான் இந்தத் தடுப்பு. எரிச்சல்தான், ஆனால் நான் அதன் பக்கம்.

ப்ரீபெய்டில் மீதமிருக்கும் பணம் புதுக் கம்பெனிக்கு வராது, செலவழித்துவிட்டு மாறுங்கள். வாட்ஸ்அப் நம்பரைத்தான் பார்க்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய சிம்மிலேயே பெயர்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள் உண்டு, பெரியப்பா உட்பட. சிம்மோடு அவையும் போய்விடும். போனுக்கு நகலெடுத்துக்கொள்வது நல்லது. அவருக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "மல்லி குமார்", "மல்லி குமார் தம்பி", "மல்லி குமார் வேற" என்று மூன்று பேர் இருந்தார்கள்.

மாறும் நாள் அவருக்கு மெசேஜில் வந்திருந்தது. படிக்கவில்லை. அதிகாலை 4 மணி, மார்க்கெட்டில் ஏலம் சூடாக இருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து அழைப்பு: "நம்பர் செத்துப்போச்சுப்பா!" பழைய கம்பெனி துண்டித்துவிட்டது, அவ்வளவுதான். புது சிம் எங்கே என்றேன். சட்டைப்பையில். சிம் தட்டைத் திறக்கும் ஊசி வீட்டில். கடைசியில் பூக்கட்டும் அக்கா ஒருவர் முந்தானை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாராம். இரண்டு சிம் போடும் போன் வைத்திருப்பவர்கள் புது சிம்மை முந்தைய நாளே உள்ளே போட்டு வைத்துவிட்டால் இந்தக் கூத்து இருக்காது.

பழைய போன் புதுக் கம்பெனிக்கு ஒத்துவருமா என்பதும் எல்லோரும் கேட்பது. போனுக்கென்று ஐ.எம்.இ.ஐ. என்ற தனி எண் உண்டு, *#06# அழுத்தினால் தெரியும். கம்பெனி மாறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியது அலைவரிசையை. பி.எஸ்.என்.எல். 4ஜி ஓடும் அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸும் ஒன்று. பழைய 4ஜி போன்கள் சிலவற்றுக்கு அது எட்டாது. ஜியோவில் 2ஜி கிடையாது, எனவே பழைய பட்டன் போன் அங்கே பேசாது.

யானைமலைக்கு வருவோம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 2300 என்றால் 13 தான். நீளமான அலை மலை விளிம்பில் கொஞ்சம் வளைந்து நிழலுக்குள் இறங்கும், சுவரையும் தாண்டும். குட்டை அலை நிறைய டேட்டா சுமக்கும், ஆனால் பாறை மறித்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே "எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டில் சாப்பாட்டு அறைக்குள் நின்று யாருடைய போன் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். நாங்கள் அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம்.

இப்போது ஹாலில் மூன்று கோடு வருகிறது. அடுப்படி மலைப்பக்கம் இருப்பதால் அங்கே ஒரு கோடுதான். பெரியம்மா இன்னமும் மொட்டை மாடிக்குத்தான் போய்ப் பேசுகிறார். காற்றுக்காக என்கிறார்.