வரும்போது நன்றாகத்தான் இருந்தது

"வாங்கிட்டு வர்றப்ப நல்லாத்தாண்ணா இருந்துச்சு." புது ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய் என்று டாக்டர் சொன்னதும் வியாசர்பாடிச் சந்துகளில் ஆடு வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். பொய்யில்லை. பி.பி.ஆர். என்ற இந்த நோயின் வைரஸ் உடலில் புகுந்தபின் அறிகுறி தெரிய நான்கைந்து நாள் பிடிக்கும், சிலசமயம் இரண்டு வாரம்கூட. விற்றவருக்கும் தெரிந்திருக்காது. (தெரிந்தே தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.)

நமக்கு வரும் தட்டம்மை வைரஸுக்குச் சொந்தம் இது, ஆனால் மனிதரைத் தொற்றாது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில்.

வைரஸ் முதலில் கைவைப்பது ஆட்டின் வெள்ளையணுக்களில். அவற்றின் மேலுள்ள 'ஸ்லாம்' என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே போய், நிணநீர்க் கணுக்களில் பெருகுகிறது. அடுத்து 'நெக்டின்-4' என்ற இன்னொரு புரதத்தின் வழியாக வாய், மூக்கு, குடல் ஆகியவற்றின் உள்சவ்வைப் பிடிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அதற்கப்புறம்தான். காய்ச்சல் 40, 41 டிகிரிக்கு ஏறும். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் தவிடு அப்பியதுபோல் புண், கிட்டப் போனாலே நாற்றம். பிறகு கழிச்சல்.

எதிர்ப்பு சக்தி போன உடம்பில் சாதாரண பாக்டீரியாகூட நுரையீரலில் இறங்கி நிமோனியாவாக்கும். பெரும்பாலும் உயிரை எடுப்பது அதுவும், கழிச்சலில் நீர் வற்றிப்போவதும்தான். வைரஸ் நோய்க்கு ஏன் ஆன்டிபயாடிக் ஊசி, குளுக்கோஸ் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். இந்த வைரஸையே கொல்ல மருந்து இல்லை.

எந்தப் புது ஆட்டையும் மூன்று வாரம் தனியாகக் கட்டச் சொல்வார்கள். வாசற்படி இறங்கினால் தெரு என்றிருக்கும் தண்டையார்பேட்டையில் எங்கே கட்டுவது? நல்லவேளையாக, இந்த வைரஸ் வெயிலில் வெளியே அதிக நேரம் தாங்காது. ஆடு ஆட்டை முகர்வது, பக்கத்தில் நின்று இருமுவது, ஒரே பேசினில் கஞ்சித்தண்ணி குடிப்பது, இப்படி நெருங்கிப் பழகித்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. மொட்டை மாடியில் நிழலான மூலை கிடைத்தால் போதும். பேசின் தனியாக இருக்கட்டும். கீழே உள்ளவற்றுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாக மேலே போங்கள். மாடியில் மிஞ்சிய தழையை வீணாக்க மனம் வராமல் கீழே கொண்டுவந்து போடுகிறார்களே, அங்கேதான் வினை.

மற்ற ஆடுகளுக்குத் தடுப்பூசி உண்டு. ஒரு ஊசி மூன்றாண்டுக்குக் குறையாமல் காக்கும், ஆனால் ஏற்கெனவே தொற்றியதைக் காப்பாற்றாது.

பிழைத்த ஆட்டை ராசியில்லை என்று விற்க அவசரப்படுகிறார்கள். அந்த ஆட்டுக்கு இனி இந்த நோய் வராது, ஆயுசுக்கும் வைரஸைச் சுமந்து திரிந்து மற்றதுக்குக் கொடுக்கவும் செய்யாது.